பக்கவாதத்துக்குப் பிறகு மீண்டும் நடக்க: நான்கு வழிகளில் எது உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும்?

"நாளைக்கு டிஸ்சார்ஜ் என்கிறார்கள். தாத்தாவால் கட்டில் கம்பியைப் பிடித்தால் நிற்க முடிகிறது. ஓர் அடி எடுத்து வைத்தால் இடது பக்கம் சாய்கிறார். அடுத்து எங்கே கொண்டுபோவது?"

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மீர்பேங்க் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. வரும்போதே நாலு பதிலும் சேர்ந்துதான் வரும். பெரிய தனியார் ரீஹாபில் (மறுவாழ்வுப் பயிற்சி மையத்தில்) சேர்த்தால்தான் தேறுவார் என்பார் சித்தப்பா. வீட்டுக்கே வரும் பிசியோ ஒருவரின் நம்பரை அத்தை அனுப்பியிருப்பார். கையில் இருக்கும் தாளில் அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவுக்கு ஒரு தேதி எழுதியிருக்கும். "நாமே பார்த்துக்கலாம், வீடியோ எல்லாம் இருக்கு" என்று பேரன் சொல்வான்.

நாலில் எதையும் நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பக்கவாத நோயாளிகளை நடக்கவைப்பதே என் பிழைப்பு என்பதால் என் சாய்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டடமும் கருவியும் என்னை அவ்வளவாக அசைப்பதில்லை. வாரத்தில் எத்தனை மணி நேரம் நோயாளி தன் சொந்தக் காலில் நிற்கிறார், அடி எடுத்து வைக்கிறார், அதை யார் திருத்துகிறார் என்றுதான் முதலில் கேட்பேன்.

## முதலில், எதை வைத்து எடை போடுவது?

இன்றைய நிலை. பிடிமானம் இல்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார முடிகிறதா? நாற்காலியிலிருந்து எழ ஒருவர் துணை போதுமா, இருவர் வேண்டுமா? விழுங்குவதில், பேச்சில், நினைவில் சிக்கல் உண்டா? ஒரு பக்கத்து உலகமே இல்லாததுபோல நடந்துகொள்கிறாரா? சிலர் நல்ல கையாலேயே தன்னைப் பலவீனமான பக்கத்துக்குத் தள்ளித் தள்ளிச் சாய்வார்கள், நிமிர்த்தினால் எதிர்ப்பார்கள். இவர்களை வீட்டில் தனியாகக் கையாள்வது கடினம்.

காலம். மீட்சி வேகமாக நடப்பது முதல் மூன்று மாதத்தில். பிறகு வேகம் குறையும், நின்றுவிடாது. அதற்காக முதல் நாளே எழுப்பி நடத்தவில்லையே என்று வார்டு ஆட்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தார்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பி நடமாட வைத்தவர்கள், வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களைவிடச் சற்று மோசமாகவே தேறினார்கள். ஓரிரு நாள் பொறுத்துத் தொடங்குவதால் எதுவும் கெட்டுவிடாது. கெடுப்பது, வீட்டுக்கு வந்தபின் "கொஞ்சம் தெம்பு வரட்டும்" என்று ஆறு வாரம் படுக்கையில் விடுவதுதான்.

அளவு. 2004-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, முதல் ஆறு மாதத்தில் வழக்கத்துக்கு மேல் குறைந்தது 16 மணி நேரக் கூடுதல் பயிற்சி கிடைத்தவர்கள் அன்றாட வேலைகளில் சற்று மேலாக இருந்தார்கள் என்று காட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் என்றால் ஆறு மாதத்தில் ஆறரை மணிதான். வீட்டில் தினமும் 20 நிமிடம் என்றால் 60 மணி. பிரிட்டனின் 2023 பக்கவாத வழிகாட்டி, தாங்கக்கூடியவர்களுக்கு வாரத்தில் ஐந்து நாளாவது, நாளுக்கு மூன்று மணி நேரச் சிகிச்சை வேண்டும் என்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அது எட்டாது. எவ்வளவு எட்டும் என்று பார்க்க அளவுகோலாவது ஆகும்.

எதைப் பழகுகிறார். நடக்க வேண்டுமென்றால் நடந்துதான் பழக வேண்டும். படுத்தபடி காலை மடக்கி நீட்டுவது மூட்டு இறுகாமல் காக்கும், நடை தராது. பழகுவதும் அவருடைய வீட்டுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் பாதி வீடுகள் சரிவில் நிற்கின்றன. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே படிக்கட்டு. மருத்துவமனையின் வழவழப்பான சமதளத்தில் நடந்தவர் அந்த முதல் படியில் நின்றுவிடுவார்.

கோயிலும் இதில் சேரும். பாதம் தொங்காமல் பிடிக்கும் கணுக்கால் ஸ்பிளின்ட் பெரும்பாலும் ஷூவுக்குள் போட்டால்தான் வேலை செய்யும். அதைக் கழற்றி, அபிஷேகத் தண்ணீர் ஓடிய டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பது வேறொரு திறமை. தைப்பூசத்துக்குக் கோயிலுக்குள் நடந்தே போக வேண்டும் என்பது அவர் ஆசையானால் பிசியோவிடம் முதல் நாளே சொல்லுங்கள், வெறுங்கால் நடையையும் பயிற்சியில் சேர்ப்பார்.

முழுச் செலவு. பில்லில் வருவது பாதிதான். வண்டி வாடகை, துணைக்குப் போகிறவர் இழக்கும் சம்பளம், பராமரிப்பவரின் இடுப்புவலி எல்லாம் சேர்த்துத்தான் செலவு.

அளக்க ஆள் உண்டா. "பரவாயில்லை, முன்னைக்கு இப்போ தேவலை" என்பது அளவு ஆகாது. பத்து மீட்டரை எத்தனை வினாடியில் கடக்கிறார் என்று பாருங்கள். 25 வினாடிக்கு மேல் போனால் நடை இன்னும் வீட்டுக்குள் அடங்கியது. 12, 13 வினாடிக்கு வந்துவிட்டால் தெருவில், கடையில் சமாளிக்கும் வேகம். சமநிலைக்கு பெர்க் அளவை உண்டு: 14 செயல்கள், மொத்தம் 56 மதிப்பெண். பிசியோவிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | அரசு வெளிநோயாளர் பிரிவு | தனியார் ரீஹாபில் தங்குவது | வீட்டுக்கு வரும் பிசியோ | குடும்பமே நடத்தும் பயிற்சி |
|---|---|---|---|---|
| பயிற்சி நேரம் | குறைவு. இடைவெளி நீளம் | மிக அதிகம். சில வாரங்களுக்கு மட்டும் | நடுத்தரம். பணத்தைப் பொறுத்தது | நினைத்தால் தினமும் |
| திருத்தும் கண் | உண்டு. ஆள் மாறலாம் | முழுக் குழு | ஒருவர், தொடர்ந்து | இல்லை |
| வீட்டுச் சூழலுக்குப் பொருத்தம் | குறைவு | குறைவு | மிக நன்று | மிக நன்று |
| பில் | கிராண்ட் (அரசு உதவித்தொகை) வாங்குவோருக்கு இலவசம் | மிக அதிகம். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்புத் திட்டம்) வேண்டும் | ஒவ்வொரு வருகைக்கும் | இல்லை |
| மறைந்த செலவு | நாள் முழுதும் காத்திருப்பு, வண்டி | அனுமதி நின்றால் திடீர் வெறுமை | மெடிக்கல் எய்ட் சேமிப்புக் கணக்கு தீர்வது | பராமரிப்பவரின் உடம்பு, வேலை |
| விழும் ஆபத்து | குறைவு. பயணத்தில் உண்டு | குறைவு | குறைவு | அதிகம் |

## அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிசியோ

சாட்ஸ்வொர்த்துக்கு ஆர்.கே.கான், ஃபீனிக்ஸுக்கு மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, நகரப் பக்கம் அடிங்டன். கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. 60 வயதுக்கு மேல், அரசு உதவித்தொகை தரும் சாசா அமைப்பிடம் முதியோர் கிராண்ட் வாங்குபவருக்குக் கட்டணமே இல்லை. கிராண்டை மட்டும் நம்பி வாழ்பவருக்கு 2025-இல் மாதம் 2,300 ரேண்டுக்குச் சற்று மேல்தான் கைக்கு வந்தது. அந்த வீட்டில் தனியார் வழியைப் பற்றிய பேச்சே எழாது.

நம்மவர்கள் இந்தப் பிரிவைத் தேவைக்கு மேல் மட்டமாகப் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். இணைக் கம்பிகள், பயிற்சிப் படிகள் எல்லாம் அங்கே உண்டு. பேச்சுப் பயிற்சியாளரும், கைவேலைப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள். வாக்கர், சக்கர நாற்காலி, ஸ்பிளின்ட் முதலியவை அரசு வழியாகவே கிடைக்கும். வரிசையில் காத்திருக்க வேண்டும் என்பதுதான் குறை. அதனால் பெயரை முதல் வருகையிலேயே பதிந்துவிடுங்கள்.

இனி மறைந்த செலவுகள். காலை ஐந்தரைக்கு எழுப்பி, குளிப்பாட்டி, ஆள் வைத்த காரில் கொண்டுபோய், கோப்புக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை. பிசியோ முன் உட்காரும்போது ஆயா (பாட்டி) பாதித் தூக்கத்தில் இருப்பார். கிடைத்த அரை மணியில் பத்து நிமிடம்தான் உருப்படும். தப்பிக்க ஒரு வழி உண்டு: மாத்திரை வாங்கும் நாளையும் பிசியோ நாளையும் ஒன்றாகப் போடாதீர்கள். வண்டிச் செலவு மிச்சம் என்று எல்லோரும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். அன்றைக்குப் பயிற்சி வீணாகிறது. சேர்த்தே ஆக வேண்டுமென்றால் பிசியோவை முதலில் முடித்துவிட்டு மருந்து வரிசைக்குப் போங்கள்.

இன்னொன்று, ஆள் மாற்றம். இந்த நாட்டில் பிசியோதெரபி படித்து முடித்தவர்கள் ஓராண்டு அரசுச் சமூகசேவை செய்தாக வேண்டும். மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் உங்களைப் பார்ப்பவர் அந்த இளையவராக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல ஆர்வமும் புதிய பாடமும் உள்ளவர்கள். ஆனால் வருடம் திரும்பும்போது அவர் போய்விடுவார், ஜனவரியில் புதிய முகம் வரும். டிசம்பர் வருகையில் அவரிடமே ஒரு பக்கக் குறிப்பு எழுதி வாங்குங்கள்: நடை வேகம், பெர்க் மதிப்பெண், என்ன பயிற்சி, அடுத்து என்ன திட்டம். இல்லாவிட்டால் புதியவர் முதல் இரண்டு வருகையையும் மறுபடி அறிமுகத்துக்கே செலவிடுவார்.

இது சரியான தேர்வாவது: மெடிக்கல் எய்ட் இல்லை, ஒருவர் துணையோடு நிற்கவாவது முடிகிறது, வீட்டில் இடைப்பட்ட நாட்களில் பயிற்சியைத் தொடர ஆள் இருக்கிறது என்றால். வீட்டில் ஒன்றும் செய்யாமல் இந்த வருகையை மட்டும் நம்பினால், மேலே சொன்ன ஆறரை மணிக் கணக்கில் போய் நிற்பீர்கள்.

## தனியார் ரீஹாபில் தங்கிப் பயிற்சி

பயிற்சியின் அளவில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. நாளுக்குப் பல மணி நேரம், பிசியோ, பேச்சு, கைவேலை என்று மாறி மாறி நடக்கும். இருவர் தூக்கினால்தான் எழ முடிகிறவர், விழுங்கப் பயப்படுகிறவர், தள்ளிச் சாய்கிறவர் ஆகியோருக்கு முதல் சில வாரங்கள் இங்கே கழிந்தால் வீட்டுக்கு வரும்போது நிலைமையே வேறாக இருக்கும். கையில் வழி இருக்கும்போது இவர்களை நேரே வீட்டுக்குக் கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சிக்கலெல்லாம் பணத்தில் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, எந்த மலிவுத் திட்டமானாலும் சில நோய்களுக்கான குறைந்தபட்சச் சிகிச்சையை மெடிக்கல் எய்ட் தந்தே ஆக வேண்டும். பக்கவாதம் அந்தப் பட்டியலில் உள்ளது. "உங்கள் பிளானில் இது கிடையாது" என்று போனில் ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். குறைந்தபட்சச் சலுகையின் கீழ் ரீஹாப் எத்தனை நாள் என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் ஒப்பந்தம் வைத்துள்ள மையம் எது என்பதையும் கேளுங்கள். வேறு மையத்தில் சேர்த்தால் வித்தியாசத் தொகை உங்கள் தலையில் விழும்.

பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. மாதம் சில நூறு ரேண்ட் கட்டி வாங்கியிருக்கும் "ஹாஸ்பிட்டல் கேஷ்" காப்பீட்டை மெடிக்கல் எய்ட் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது படுக்கை நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தரும், அவ்வளவே. மேலே சொன்ன சட்டக் கடமை அதற்குக் கிடையாது. ரீஹாப் வாசலில் முன்பணம் கேட்கும்போது இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

அனுமதி கிடைத்தாலும் மொத்தமாகக் கிடைக்காது. சில நாட்களுக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை போகும், பார்த்து நீட்டிப்பார்கள். முன்னேற்றம் நின்றதாகத் தெரிந்தால் அனுமதியும் நிற்கும். வெள்ளிக்கிழமை மதியம் "திங்கள் அழைத்துப் போங்கள்" என்பார்கள். குளியலறையில் கைப்பிடிக் கம்பி மாட்டியிருக்காது, கட்டில் மாடியில் இருக்கும். ஆகவே சேர்த்த முதல் வாரத்திலேயே வாசற்படியின் உயரத்தை அளந்து, கழிப்பறை, குளியலறை, கட்டில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அந்தக் குழுவிடம் கொடுங்கள். அந்தப் படி உயரத்திலேயே பழக்கச் சொல்லுங்கள்.

இது சரியான தேர்வாவது: முதல் சில வாரங்களுக்குள், மெடிக்கல் எய்ட் உறுதியாகக் கொடுக்கிறது, நிலை கடுமை, ஆனால் விழித்திருந்து சொன்னதைப் பின்பற்றும் தெளிவு இருக்கிறது என்றால். ஏற்கெனவே கைத்தடியோடு நடமாடுகிறவரை வீட்டுக் கடன் வாங்கி இங்கே சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை அடுத்த வழியில் போடுங்கள்.

## வீட்டுக்கு வரும் பிசியோ

தென்னாப்பிரிக்காவில் பிசியோவைப் பார்க்க டாக்டர் கடிதம் கட்டாயம் இல்லை, நேரே அழைக்கலாம். மெடிக்கல் எய்டிடம் பணம் கேட்கும்போது மட்டும் கடிதம் உதவும்.

இதன் பெரிய பலம், பயிற்சி நடக்கும் இடமே வாழும் இடம் என்பது. ஆயாவுடைய அடுக்களை மேடை, ஆயாவுடைய பின்வாசல் படி, ஆயா வழுக்கி விழப்போகும் அதே குளியலறை. நல்ல பிசியோ முதல் வருகையில் பாதி நேரத்தை வீட்டைச் சுற்றிப் பார்ப்பதிலேயே கழிப்பார். மிதியடியைச் சுருட்டச் சொல்வார், தாழ்ந்த சோபாவை ஒதுக்கச் சொல்வார், ஸ்லாப்ஸ் செருப்பைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புவார்.

ஆனால் தரம் ஆளுக்கு ஆள் மாறும், குடும்பங்கள் ஏமாறுவதும் இங்கேதான். வருவார், காலைப் பிடித்துவிடுவார், மின்சாரப் பட்டையை ஒட்டி இருபது நிமிடம் விடுவார், கடைசியில் அறையைச் சுற்றி ஒரு நடை. நோயாளிக்கு இதமாக இருக்கும், வீட்டாருக்கும் "நல்லா கவனிக்கிறார்" என்று தோன்றும். நமக்கு எண்ணெய் போட்டு உருவிவிடும் பழக்கம் வேறு பாட்டன் காலத்திலிருந்து வருகிறது. உருவிவிடுவதில் தப்பில்லை, உடம்புக்குச் சுகம்தான். அதைச் செய்ய வீட்டில் ஆள் உண்டு, மணிக்கணக்கில் காசு கொடுக்க வேண்டாம். ஒரு வருகை முழுக்க உடன் இருந்து கடிகாரத்தைப் பாருங்கள். முக்கால் மணியில் பாதிக்கு மேல் நோயாளி காலில் நிற்காமலோ எழுந்து உட்காராமலோ போனால், களைப்பைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று கேளுங்கள். நரம்புச் சிகிச்சையில் அனுபவம் உண்டா என்பதையும் கேளுங்கள். பதிவு எண்ணை, மருத்துவத் தொழில் செய்வோரைப் பதிவுசெய்யும் மன்றமான எச்பிசிஎஸ்ஏ-யின் இணையப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம்.

மெடிக்கல் எய்டில் இந்த வருகைகள், அன்றாட மருத்துவச் செலவுக்கென்று வருடத்துக்கு ஒதுக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து போகும்படி ஆகிவிடுவது வழக்கம். ஜூன், ஜூலைக்குள் அது தீர்ந்துவிட்டால் வருடக் கடைசியில் கண் கண்ணாடிக்கும் பல்லுக்கும் கைக்காசுதான்.

செலவைக் குறைக்க நான் சொல்வது: வாரம் மூன்று வருகை என்று தொடங்கி ஒரே மாதத்தில் பணத்தைக் கரைக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் நெருக்கமாக, பிறகு வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று நீட்டுங்கள். ஒவ்வொரு வருகையிலும் அடுத்த வருகைவரை வீட்டார் செய்ய வேண்டியதைச் செய்துகாட்டி, அவர்களையே செய்யவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் போனிலேயே அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கோழிக்கறிச் செய்முறைபோல வாயால் சொல்லிப்போனால் மூன்றாம் நாள் மறந்துவிடும்.

இது சரியான தேர்வாவது: வண்டியில் ஏற்றி இறக்குவதே பெரும்பாடு, அல்லது ஓரளவு நடந்தும் வீட்டுக்குள்ளேயே விழுகிறார், அல்லது ரீஹாப் முடிந்து வீடு வந்திருக்கிறார் என்றால்.

## குடும்பமே நடத்தும் பயிற்சி

இதைப் பற்றி நேராகப் பேச ஒரு ஆய்வு இருக்கிறது; அதுவும் இந்தியாவிலேயே நடந்தது. அட்டெண்ட் என்ற அந்த ஆய்வில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஒரு பாதிக்கு, குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் தொடரச் செய்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான பராமரிப்பு. 2017-இல் முடிவு வந்தபோது, ஆறு மாதக் கடைசியில் இரு பக்கமும் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 47 சதவீதம். வித்தியாசமே இல்லை.

இதைப் படித்துவிட்டு "அப்போ வீட்டுப் பயிற்சி வீண்" என்று முடிவுகட்டக் கூடாது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: ஒருமுறை கற்றுக்கொடுத்துவிட்டுத் தொழில்காரர் விலகிக்கொண்டால் பாசமும் உழைப்பும் மட்டும் போதாது. கால் தேறத் தேறப் பயிற்சியைக் கடினமாக்கிக்கொண்டே போக வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்த கண் இடையிடையே வர வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடியவை பல. சற்று உயரமான, கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது முதலாவது. இரு காலிலும் பாரம் விழும்படி, பலவீனமான பாதத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து வைத்து. அடுக்களை மேடையைப் பிடித்து இடமும் வலமும் எடை மாற்றுவது, அதே மேடையோரமாகப் பக்கவாட்டில் அடி வைப்பது, திரும்புவது. பெரும்பாலானோர் நேர் நடையில் தேறியபின்னும் திரும்பும்போதுதான் தடுமாறுகிறார்கள். ஆகவே திரும்புவதைத் தனியாகப் பழகுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். கைத்தடி நல்ல கையில். துணைக்கு நிற்பவர் பலவீனமான பக்கம், ஓரடி பின்தள்ளி நின்று இடுப்பு பெல்ட்டைப் பிடிக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. செயலிழந்த தோள் நழுவி, பிறகு மாதக்கணக்கில் வலிக்கும்.

மறைந்த செலவு பெரும்பாலும் ஒரே ஆளின் மேல் விழுகிறது. மருமகள், அல்லது கல்யாணமாகாத மகள். வேலையை விடுவார், இடுப்பு போகும், தூக்கம் போகும். பக்கத்து ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் அண்ணன் "ஏன் இன்னும் நடக்கவைக்கலை?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த அண்ணனுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் ஞாயிறு காலைப் பயிற்சியை நடத்துங்கள், அவர் தூங்கட்டும்.

முழுநேரக் கவனிப்பு தேவைப்படும் முதியோர் கிராண்ட்காரருக்கு, சாசாவிடம் கிராண்ட்-இன்-எய்ட் என்ற கூடுதல் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சில நூறு ரேண்ட்தான், ஆனால் பாதிப் பேர் கேட்பதே இல்லை. பகலில் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு ஜூலு அம்மாவை வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அப்படியானால் பிசியோ வரும்போது அவரை அடுக்களைக்கு அனுப்பாதீர்கள். நாள் முழுக்கத் தாத்தாவை எழுப்பி உட்காரவைப்பவர் அவர்தான், முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவரும் அவர்தான்.

அளவுக்கு மீறிய பாசமும் தொல்லை. தண்ணீர், டீ, சோறு எல்லாம் நாற்காலிக்கே வந்துவிட்டால் எழுந்து நடக்க ஒரு காரணமும் மிஞ்சாது. மேசைவரை நடந்து வந்தால்தான் டீ என்று வையுங்கள். கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வந்தால் வரட்டும்.

இது தனியாகச் சரியான தேர்வாவது: துணையில்லாமல் அறைக்குள் நடக்கிறார், சொன்னது புரிகிறது, ஆறு மாதம் தாண்டிவிட்டது என்றால். மற்ற எல்லோருக்கும் இது துணை வழி. ஆனால் தவிர்க்க முடியாத துணை வழி.

## கருவிகள், வீடியோ அழைப்புகள்

மேலே கயிற்றுப்பட்டை மாட்டி, எடையைத் தாங்கி டிரெட்மில்லில் நடக்கவைக்கும் கருவியைக் காட்டி விளம்பரம் வரும். அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடந்த லீப்ஸ் ஆய்வு (2011), அந்தப் பயிற்சியையும் வீட்டில் பிசியோ நடத்திய சாதாரண வலிமை, சமநிலைப் பயிற்சியையும் நேருக்கு நேர் நிறுத்தியது. ஓராண்டு முடிவில் இரு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம். நடை மிகவும் பாதிக்கப்பட்டவர்களில் சீக்கிரமே டிரெட்மில்லில் ஏற்றியவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள். கருவி இருக்கிறது என்பதற்காக ஒரு மையத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வீடியோ அழைப்பில் பிசியோ பார்ப்பது, ஏற்கெனவே நேரில் பார்த்தவரைத் தொடர நல்ல வழி. போனைப் பிடிக்க ஒருவர், விழாமல் பிடிக்க இன்னொருவர் என்று இருவர் வேண்டும். மின்வெட்டு நேரத்துக்கு வைக்காதீர்கள்.

## எந்த வீட்டுக்கு எது

மெடிக்கல் எய்ட் உண்டு, நிலை கடுமை: ரீஹாப் முதலில், பிறகு வீட்டுக்கு வரும் பிசியோ. ரீஹாபிலிருந்து வெளிவரும் தேதிக்கு முன்பே வீட்டுப் பிசியோவைப் பேசி வைத்துவிடுங்கள். நடுவில் மூன்று வாரம் வெறுமையாய்ப் போனால், அங்கே சம்பாதித்ததில் ஒரு பங்கு கரைந்துவிடும்.

மெடிக்கல் எய்ட் இல்லை, கையில் சிறிது பணம் உண்டு: நான் அதிகம் பரிந்துரைப்பது இந்தக் கலவையைத்தான். அரசு மருத்துவமனையில் பதிவை விடாதீர்கள். கருவிகளும் டாக்டரும் அங்கே. மாதம் இருமுறை தனியார் பிசியோ வீட்டுக்கு வந்து பயிற்சியைத் திட்டமிட்டு, திருத்தி, அளந்துவிட்டுப் போகட்டும். தினசரி வேலை குடும்பத்துடையது. கிராண்ட் மட்டுமே என்றால் அந்தத் திட்டத்தை மருத்துவமனைப் பிசியோவிடமே கேட்டு வாங்குங்கள். "வீட்டில் தினமும் செய்ய என்ன, எத்தனை முறை, எப்போது கடினமாக்குவது?" என்ற மூன்று கேள்வியோடு போனால் எந்த வரிசையிலும் பதில் கிடைக்கும்.

கடுமையான நிலை, மெடிக்கல் எய்டும் இல்லை: இதுதான் மனதைப் பிசையும் வகை. வார்டிலிருந்து அனுப்பும் முன், இருவர் தூக்கினால்தான் எழுகிறார் என்பதையும் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் சமூக நலப் பணியாளரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். அரசுப் படுக்கையில் ரீஹாப் கிடைக்குமா என்று டாக்டரைக் கேளுங்கள். கிடைக்கும்வரை, எழுப்பி நடத்துவதைவிடக் கட்டில் ஓரத்தில் சாயாமல் உட்காரவைப்பதையே பயிற்சியாக வையுங்கள்.

ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகிவிட்டது, "இனி என்ன இருக்கு" என்று உட்கார்ந்துவிட்டவர்: இவருக்கு விலையுயர்ந்த வழி எதுவும் வேண்டாம். ஒருமுறை நல்ல பிசியோவிடம் காட்டி, ஸ்பிளின்ட் இன்னும் பொருந்துகிறதா, காலில் இறுக்கம் கூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நடையைக் கூட்டுங்கள். தெருவில் பயமாயிருந்தால் மாலுக்குப் போங்கள். காலை பத்து மணி சாட்ஸ்வொர்த் சென்டரில் தரை சமம், காவலாளி உண்டு, உட்கார இடமும் கிடைக்கும். காற்று இல்லாத நாளில் கடற்கரை நடைபாதை அதைவிட நன்று. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். பேச்சுக் கொடுத்தவுடன் நின்றுவிடுகிறவர் கூட்டத்தில் தனியாகப் போகத் தயாராகவில்லை.

எந்த வழியானாலும், பயிற்சியின்போது நெஞ்சுவலி, மயக்கம், திடீரென்று முகமோ கையோ புதிதாகத் தளர்வது, பேச்சுக் குழறுவது என்றால் நிறுத்திவிட்டு 10177-க்கு அழையுங்கள், செல்போனிலிருந்து 112. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அதை உருவிவிட வேண்டாம்.